ராஜாக்களின் மானம் கப்பலேறிய வருடம்

1848ஆம் ஆண்டு ஜனவரியில் சிசிலித் தீவின் பலெர்மோ நகரச் சுவர்களில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஜனவரி 12ஆம் திகதி விடியும்போது புரட்சி ஆரம்பிக்கும், எல்லாரும் வந்து சேருங்கள் என்பது அதன் சாரம். கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிப்பதுபோல நாள், நேரம் எல்லாம் போட்டுப் புரட்சிக்கு அழைத்திருந்தார்கள். ஜனவரி 12, அந்தத் தீவையும் ஆண்ட நேப்பிள்ஸ் ராஜா இரண்டாம் ஃபெர்டினாண்டின் பிறந்தநாள். அன்று தெருவுக்கு வந்தவர்களில் பலர் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். வேடிக்கை பார்க்க வந்த ஆட்களே கூட்டமாகிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டு படை வந்தது. படையைக் கண்டு துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வந்தார்கள். மாதம் முடிவதற்குள், ஜனவரி 29 அன்று, அரசியலமைப்பு தருகிறேன் என்று ராஜா இறங்கிவந்தார்.

அதன் பிறகு நடந்ததைத் திகதிகளாகவே சொல்லிவிடலாம். பெப்ரவரி 24 பாரிஸ். மார்ச் 13 வியன்னா. மார்ச் 15 ஹங்கேரியின் பெஸ்ட். மார்ச் 18 அன்று ஒரே நாளில் பெர்லினும் மிலானும். மார்ச் 22 வெனிஸ். இடையிடையே ஜெர்மன் சிற்றரசுகள் பல. தொலைபேசி கிடையாது. மின்தந்தி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அப்படியும் ஏழெட்டு வாரத்துக்குள் ஒரு கண்டத்தின் பாதி ராஜாக்கள் தலைகுனிந்தார்கள். பிற்காலத்தில், கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிச ஆட்சிகள் சரிந்த 1989 மட்டும்தான் வேகத்தில் இதன் பக்கத்தில் வரும்.

எனக்கு இந்த 1848 மேல் நெடுநாள் பைத்தியம். இலங்கை மலையகத்தில் பிறந்தவனுக்குப் பாரிஸ் தடுப்பரண்களில் என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். வேலை இருக்கிறது. அந்த அலையின் ஒரு நுனி மாத்தளை வரைக்கும் வந்து அடித்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரு நாட்டின் புரட்சி இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகிறது? பசி என்பது வழக்கமான பதில். 1845இல் உருளைக்கிழங்கு அழுகல் நோய், 1846இல் தானிய விளைச்சலும் பொய்த்தது, ரொட்டி விலை ஏறியது. எல்லாம் உண்மை. ஆனால் விலை உச்சத்தில் இருந்தது 1847இன் முதற்பாதியில். அந்த வருட அறுவடை தேறியது, விலையும் இறங்கத் தொடங்கியது. வயிறு காய்ந்தபோது ரொட்டிக் கடைகளை உடைத்தவர்கள், விலை இறங்கிய பிறகு அரண்மனைகளை உடைத்தார்கள். பசி விறகை அடுக்கிக் கொடுத்திருக்கலாம், மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அது இல்லை.

இரண்டாவது பதில், சதி. ஆஸ்திரியாவின் வெளியுறவு அமைச்சர் மெட்டர்னிக் பல வருடங்களாகச் சொல்லிவந்தது இதைத்தான். பாரிஸில் ஒரு ரகசியக் குழு உட்கார்ந்துகொண்டு ஐரோப்பா முழுக்கக் கயிறு இழுக்கிறது என்று அவர் நம்பினார். கடிதங்களைப் பிரித்துப் படித்தார், மாணவர்களைப் பின்தொடர ஆள் வைத்தார். உண்மையில் பாரிஸ் ஆட்களுக்கே பெப்ரவரி 22 அன்று காலையில் தங்கள் ராஜா இரண்டு நாளில் ஓடிவிடுவார் என்று தெரியாது.

மூன்றாவது பதில்தான் எல்லாருக்கும் பிடித்தது: கொள்கை. சுதந்திரம், சமத்துவம் என்ற சிந்தனை காற்றில் பரவியது என்பார்கள். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் கேட்டது வேறு வேறு. பலெர்மோவுக்கு நேப்பிள்ஸிடமிருந்து பிரிவினை. பாரிஸ் தொழிலாளிக்கு வேலை. ஜெர்மன்காரருக்கு ஒரே நாடு. ஹங்கேரிக்காரருக்குத் தனி அமைச்சரவை. அதே உரிமையைக் குரோவாசியர்களும் ருமேனியர்களும் ஸ்லோவாக்கியர்களும் கேட்டபோது ஹங்கேரிக்காரர்களுக்குக் காது கேட்கவில்லை. ஒரு கொள்கை பரவியிருந்தால் இவ்வளவு முரண்பட்ட கோரிக்கைகள் எப்படி ஒரே மாதத்தில் முளைக்கும்?

அப்படியென்றால் எல்லை தாண்டிப் போனது என்ன? பாரிஸ் கதையை நெருங்கிப் பார்த்தால் பிடிபடும்.

அங்கே அரசியல் கூட்டங்களுக்குத் தடை. அதனால் எதிர்க்கட்சிக்காரர்கள் விருந்து என்ற பெயரில் கூடினார்கள். சாப்பாடு கொஞ்சம், பேச்சு நிறைய. பெப்ரவரி 22க்கு வைத்திருந்த விருந்தை அரசு தடுத்தது. விருந்து நடக்கவில்லை, கூட்டம் வந்தது. மறுநாள் ராஜா லூயி ஃபிலிப் தன் பிரதமர் கிசோவைக் கைவிட்டார். ஜனம் வீட்டு ஜன்னல்களில் விளக்கேற்றிக் கொண்டாடியது. அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. இரவில் கபுசின் வீதியில், வெளிநாட்டு அமைச்சின் வாசலில் காவல் நின்ற சிப்பாய்கள், எந்த உத்தரவில் என்று தெளிவில்லாமலே, ஊர்வலத்தின் மேல் சுட்டார்கள். ஐம்பது பேரளவில் விழுந்தார்கள். சடலங்களில் சிலவற்றை ஒரு வண்டியில் ஏற்றி, தீப்பந்த வெளிச்சத்தில் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனார்கள். விடிந்தபோது நகரம் முழுக்கத் தடுப்பரண். ராஜா நம்பியிருந்த தேசியக் காவற்படை, அதாவது சீருடை போட்ட கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும், அவருக்காகச் சுட மறுத்தது. 24ஆம் திகதி நண்பகல் முடியைத் துறந்து பின்வழியாகப் போனார். மிஸ்டர் ஸ்மித் என்ற பெயரில் கப்பலேறி இங்கிலாந்தில் இறங்கினார். நம்மூரில் மானம் கப்பலேறியது என்று சும்மா சொல்வோம். அவருக்கு அது அப்படியே நடந்தது.

இப்போது இந்தச் செய்தி வியன்னாவில் எப்படி வாசிக்கப்பட்டது என்று பாருங்கள். பெப்ரவரி கடைசியில் அங்கே செய்தி வந்தது. முதலில் அசைந்தது தெரு இல்லை, காசு. நாணயத்தாளை நீட்டி வெள்ளியாகத் தா என்று ஜனம் வங்கி வாசலுக்குப் போனது. அரசு நிற்குமா என்ற சந்தேகம் மாணவனுக்கு வருவதற்கு முன் வியாபாரிக்கு வந்துவிட்டது. மார்ச் 3இல் பிரெஸ்பர்க் நகரில், இன்றைய பிராட்டிஸ்லாவாவில், ஹங்கேரிப் பாராளுமன்றத்தில் எதிரணித் தலைவர் கொஷூத் எழுந்து பேசியதும் நிதி நெருக்கடியில் தொடங்கித்தான். அந்தப் பேச்சு ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு வியன்னாவுக்கு வந்தது.

மார்ச் 13 காலையில் வியன்னாவின் மாகாணச் சபைக் கட்டட முற்றத்தில் மாணவர்களும் நகர மக்களும் கூடியிருந்தார்கள். கூடியவர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஃபிஷ்ஹோஃப் என்ற இளம் மருத்துவர் துணிந்து பேச ஆரம்பித்தார். பிறகு ஒருவர் கொஷூத்தின் பேச்சை உரக்க வாசித்தார். படை சுட்டது, சிலர் செத்தார்கள், புறநகரில் தொழிற்சாலைகள் எரிந்தன. இரவுக்குள் மெட்டர்னிக் பதவி விலகினார். வயது 74. 1809இலிருந்து அந்தப் பேரரசின் வெளியுறவைக் கையில் வைத்திருந்த மனிதர். ஜனம் புரட்சி செய்கிறது என்று கேட்டதும் பேரரசர் ஃபெர்டினாண்ட், “அப்படிச் செய்ய அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா?” என்று கேட்டாராம். கதையாகத்தான் இருக்கும், ஆனாலும் வியன்னாக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முற்றத்தில் கூடிய கூட்டம் பெரியதில்லை. அதைக் கலைக்கப் பேரரசிடம் படை இருந்தது. ஆனால் அரண்மனைக்குள் இருந்தவர்களும் பாரிஸ் செய்தியைப் படித்திருந்தார்கள். பிரான்சில் உயரக் கம்பங்களின் அசைவால் செய்தி அனுப்பும் சமிக்ஞைத் தந்தி அரசுக்கென்றே இருந்தது, மற்ற நாடுகளில் அரசுத் தூதர்களும் வங்கிக்காரர்களின் ஆட்களும் குதிரையில் ஓடினார்கள். ஆக, தெருவில் இருந்தவன் படிப்பதற்கு முன்பே ராஜா படித்துவிட்டார். சிப்பாய் சுட்டால் ஊர்வலம் புரட்சியாகிறது, காவற்படை சுட மறுத்தால் முடி போகிறது. இந்த இரண்டு வரியும்தான் எல்லை தாண்டின. ஒரே செய்தி ஒருவனுக்குத் துணிச்சலாகவும் இன்னொருவனுக்கு நடுக்கமாகவும் போய்ச் சேர்ந்தது. என் கணக்கில் 1848 மார்ச்சில் நடுக்கம்தான் அதிக வேலை செய்தது.

இதற்கு என்னிடம் உள்ள நல்ல சாட்சி நெதர்லாந்து. அங்கே தடுப்பரண் எழவில்லை, முடிக்கு ஆபத்தான எதுவும் நடக்கவில்லை. மார்ச் நடுவில் ராஜா இரண்டாம் வில்லெம் தானாகவே முன்வந்து அரசியலமைப்பை மாற்ற ஒப்புக்கொண்டார். பழமைவாதியாகப் படுத்த நான் இருபத்துநாலு மணி நேரத்தில் தாராளவாதியாகிவிட்டேன் என்று அவரே வெளிநாட்டுத் தூதர்களிடம் சொன்னார். தாராளவாதி தோர்பெக்கே எழுதிய அந்த 1848 அரசியலமைப்பின் மேல்தான் இன்றைய டச்சுப் பாராளுமன்ற ஆட்சி நிற்கிறது. புரட்சி அந்த நாட்டில் ஒரே ஒரு மனிதரின் மண்டைக்குள் நடந்து முடிந்தது.

பெர்லின் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மெட்டர்னிக் போன செய்தி மார்ச் 16இல் அங்கே வந்தது. 18ஆம் திகதி ராஜா நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் பத்திரிகைத் தணிக்கையை நீக்கி, சலுகைகளை அறிவித்தார். நன்றி சொல்ல வந்த கூட்டம் அரண்மனைச் சதுக்கத்தில் நின்றது. கூட்டத்தை ஒதுக்க வந்த படையிலிருந்து இரண்டு வெடி. யார் மேலும் படவில்லை. ஆனால் பாரிஸில் என்ன நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தெரியும். துரோகம் என்ற கூச்சல் எழுந்தது, மாலைக்குள் தடுப்பரண்கள், இரவு முழுக்கச் சண்டை, நூற்றுக்கணக்கில் உயிர் போனது. மறுநாள் இறந்தவர்களை அரண்மனை முற்றத்துக்கே தூக்கி வந்தார்கள். காயங்களைத் திறந்து வைத்து, ராஜாவை வெளியே கூப்பிட்டார்கள். வந்தார். தொப்பியைக் கழற்று என்றார்கள். கழற்றினார். பிரஷ்யாவின் ராஜா, வெறுந்தலையோடு, தச்சர்களின் தையற்காரர்களின் பிணங்களுக்கு முன்னால். அவருடைய தம்பி வில்ஹெல்ம் லண்டனுக்கு ஓடினார். லூயி ஃபிலிப் அங்கே, கிசோ அங்கே, மெட்டர்னிக்கும் அங்கே. அந்த வசந்தத்தில் லண்டனில் ஓர் அரசவையே நடத்தியிருக்கலாம்.

மிலானில் நடந்தது எனக்குப் பிடித்த கதை. அந்நகரம் ஆஸ்திரியாவின் கையில். புகையிலை அரசின் ஏகபோகம், வருமானம் வியன்னாவுக்கு. 1848 ஜனவரி 1 முதல் மிலான்காரர்கள் புகைப்பதை நிறுத்தினார்கள். பிரிட்டனின் வரியை எதிர்த்து அமெரிக்காவில் தேயிலையைக் கடலில் கொட்டிய போஸ்டன் கதையை அவர்கள் படித்திருந்தார்கள். பதிலுக்கு ஆஸ்திரியச் சிப்பாய்கள் வாயில் சுருட்டோடு தெருவில் உலாத்தினார்கள், வேண்டுமென்றே, முகத்தில் ஊதிக்கொண்டு. ஜனவரி 3 அன்று கைகலப்பு, சாவு. அதன் பிறகு ஊர் உறுமிக்கொண்டே இருந்தது, வெடிக்கவில்லை. மார்ச் 17 மாலை வியன்னாச் செய்தி வந்தது. 18 அன்று வெடித்தது. எதிரே தளபதி ராடெட்ஸ்கி, வயது 81, கையில் பதின்மூவாயிரத்துக்குக் குறையாத சிப்பாய்கள். ஐந்து நாள் தெருத்தெருவாகச் சண்டை. நகர வாயில்கள் அடைபட்டிருந்ததால் வெப்பக் காற்றுப் பலூன்களில் துண்டறிக்கைகளைக் கட்டி மதிலுக்கு மேலே பறக்கவிட்டார்கள். சுற்றுக் கிராமங்களுக்குச் செய்தி அப்படிப் போனது. 22ஆம் திகதி இரவு கிழவர் படையோடு வெளியேறினார். வெனிஸுக்கோ, திரியெஸ்தெவிலிருந்து வந்த நீராவிக் கப்பல் செய்தி கொண்டுவந்தது. அன்றே ஜனம் சிறைக்குப் போய் வழக்கறிஞர் மானினைத் தோளில் தூக்கி வந்தது. ஐந்து நாளில் அவர் குடியரசை அறிவித்தார்.

எல்லா ராஜாக்களும் நடுங்கவில்லை. ரஷ்யாவின் ஜார் நடுங்கவில்லை. அங்கே நடுங்க வேண்டிய அளவுக்குப் பத்திரிகை வாசிப்பவர்களே இல்லை. இங்கிலாந்து வேறு விதம். அது நடுங்கியது, ஆனால் நடுக்கத்தை வைத்துத் தயாரானது. வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் ஏப்ரல் 10 அன்று லண்டனின் கெனிங்டன் திடலில் கூடி மனுவை ஊர்வலமாகக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். அரசு ராணியை வைட் தீவுக்கு அனுப்பியது. வாட்டர்லூ வென்ற வெலிங்டனைக் கூப்பிட்டது. பல்லாயிரம் நடுத்தர வர்க்கத்தாரை ஒருநாள் பொலிஸாக்கிக் கையில் தடி கொடுத்தது. பாரிஸில் எந்த வர்க்கம் ராஜாவைக் கைவிட்டதோ அதே வர்க்கத்தை லண்டனில் முன்கூட்டியே தன் பக்கம் நிறுத்திக்கொண்டார்கள். மனு குதிரை வண்டியில் பாராளுமன்றத்துக்குப் போனது. ஐம்பது லட்சத்துக்கு மேல் கையெழுத்து என்றார்கள், குமாஸ்தாக்கள் எண்ணி இருபது லட்சம் தேறாது என்றார்கள், விக்டோரியா ராணியின் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்று சபை சிரித்தது. ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பெப்ரவரியில் பிரதமர் ரஸல் வருமான வரியைக் கூட்டப் பார்த்தார். கூச்சல் எழுந்ததும் அந்த மாதமே பின்வாங்கினார்.

கடலுக்கு அந்தப் பக்கம் போனால் இதே பாடம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பாரிஸின் புதிய குடியரசு ஏப்ரல் 27இல் அடிமை முறையை ஒழிக்கும் ஆணை போட்டது. அதில் ஒரு கொக்கி: ஒவ்வொரு குடியேற்றத்திலும் அறிவித்து இரண்டு மாதம் கழித்துத்தான் அமுலுக்கு வரும். கரும்பு வெட்டி முடிய வேண்டாமா? ஆணையைச் சுமந்த கப்பல் இன்னும் அட்லாண்டிக்கில் மிதந்துகொண்டிருந்தது. கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் மே 20 வாக்கில் ஒரு தோட்டத்தில் ரோமேன் என்ற அடிமை மனிதர், மரவள்ளிக் கிழங்கு துருவும் வேலைக்குத் தாளமாக மேளம் அடித்தார். தோட்டத்துரை தடுத்தார். அவர் நிறுத்தவில்லை. பிடித்துச் சிறையில் போட்டார்கள். கூட்டம் திரண்டு அவரை மீட்டது. 22ஆம் திகதி சுட்டார்கள், சான்-பியேர் நகரில் நெருப்பு. 23ஆம் திகதி ஆளுநர் ரோஸ்தோலான் பாரிஸுக்குக் காத்திராமல் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவித்தார். நாலு நாளில் பக்கத்துத் தீவு குவாதலூப்பும் அறிவித்தது. ஆணையோடு கப்பல் வந்து சேர்ந்தது ஜூன் தொடக்கத்தில். கொடுக்க வந்தவர் வாசலில் இறங்கும்போது வாங்க வேண்டியவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து அது மொழி தாண்டிப் போனது. டென்மார்க் ஆண்ட செயின்ட் குரோய் என்ற கரீபியத் தீவில், பன்னிரண்டு வருடம் பொறுங்கள், பிறகு விடுதலை என்று 1847இல் சட்டம் போட்டிருந்தார்கள். 1848 ஜூலை 3 அன்று ஆயிரக்கணக்கான அடிமைகள் கோட்டை வாசலில் வந்து நின்றார்கள். ஆளுநர் ஃபொன் ஷோல்டன் அந்த இடத்திலேயே விடுதலையை அறிவித்தார். சான் மார்ட்டின் என்ற சின்னத் தீவில் பாதி பிரான்சுக்கு, பாதி நெதர்லாந்துக்கு. டச்சுப் பாதியின் அடிமைகள் எல்லையைக் கால்நடையாகத் தாண்டி பிரெஞ்சுப் பாதிக்குள் போனார்கள். துரைமார் வேறு வழியில்லாமல், மிஞ்சியிருந்தவர்களைச் சுதந்திர மனிதர்களாக நடத்தத் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் சட்டம் 1863இல்தான் வந்தது. மார்ட்டினிக்கில் ஆள் பற்றாக்குறை வந்தபோது 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவனுடைய விடுதலைக் கணக்கை இன்னொருவன் முதுகில் எழுதினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நம் காலத்துக்கு வருகிறேன். 2022 ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் ஜனம் குதித்த வீடியோவை உலகமே பார்த்தது. 2024 ஆகஸ்ட் 5 அன்று டாக்காவில் ஹசீனா ஹெலிகொப்டரில் போக, அவருடைய இல்லத்திலிருந்து சேலையும் மீனும் வாத்தும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் இரண்டே நாளில் பிரதமர் ஒலி விலகினார். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான்: அடுத்தது யார்? கடன் நெருக்கடி, வேலை ஒதுக்கீடு, சமூக ஊடகத் தடை என்று காரணம் மூன்றும் வேறு வேறு. டாக்காவில் யாரும் எங்கள் எரிபொருள் வரிசைக்காகத் தெருவுக்கு வரவில்லை. ஆனால் அரண்மனைக் கதவு உள்ளே தள்ளினால் திறக்கும் என்பதை ஒரு குளத்தைப் பார்த்து ஒரு கண்டமே தெரிந்துகொண்டது. பாரிஸ் ஜனமும் 1848இல் ராஜாவின் சிங்காசனத்தை வெளியே இழுத்துப் போய்த் தெருவில் கொளுத்தியது.

ஆட்சியாளர்களும் கற்றுக்கொள்வார்கள். 1848இன் இரண்டாம் பாதி அந்தக் கதைதான், முதற்பாதியைக் காதலிப்பவர்கள் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஜூன் நடுவில் பிராகா நகரத்தின் மேல் ஆஸ்திரியத் தளபதி விண்டிஷ்கிரேட்ஸ் பீரங்கி வைத்தார், நகரம் பணிந்தது. ஜூன் 23 முதல் 26 வரை பாரிஸில், அதே குடியரசு, தன் தொழிலாளிகளையே ஆயிரக்கணக்கில் கொன்றது. இந்தத் தடவை கடைக்காரர்களும் கிராமத்தாரும் அரசின் பக்கம். ஜூலை 25இல் கிழவர் ராடெட்ஸ்கி குஸ்தோசாவில் இத்தாலியப் படையை முறியடித்தார். சுட்டால் முடி போகும் என்ற மார்ச் மாதத்துச் செய்தியை, சுட்டால் முடி நிற்கும் என்ற செய்தி துரத்திக்கொண்டு வந்தது. அதே ரயில், அதே கப்பல், அதே பத்திரிகை. ஒக்டோபரில் வியன்னா, நவம்பரில் பெர்லின், அடுத்த வருடம் ரஷ்யப் படை உதவியோடு ஹங்கேரி என்று ஒவ்வொன்றாக அடங்கின.

இலங்கைக்கு அலை வந்து சேர்ந்தது இந்த இடைவெளியில். நேரம் தப்பி.

லண்டனில் வருமான வரியைக் கூட்ட முடியாது என்று ஆன அதே வருடத்தில் இங்கே ஆளுநர் டொரிங்டன் புதிய வரிகளைப் போட்டார். பிரதமர் ரஸலின் உறவுக்காரர் அவர், 1847இல் வந்து இறங்கியவர், ஆட்சி அனுபவம் பூச்சியம். கோப்பி விலை சரிந்து அரசின் வருமானம் விழுந்திருந்தது. துப்பாக்கிக்கு வருடம் இரண்டரை ஷில்லிங் உரிமக் கட்டணம். நாய்க்கு ஒரு ஷில்லிங். கடைகளுக்கு வரி. எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு நல்லாயிருக்கிற ஒவ்வோர் ஆணும் வருடத்தில் ஆறு நாள் தெருப் போட வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். பிக்குகளுக்கும் முதலில் விலக்கு இல்லை. ஏற்கெனவே 1840இன் காணிச் சட்டத்தால் கிராமத்துக் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் கோப்பித் தோட்டத்துக்குப் பறிகொடுத்த கண்டிச் சிங்களவர்களுக்கு இது கடைசி அடி.

கொழும்பில் ‘ஒப்சேர்வர்’ பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ்தோபர் எலியட், அயர்லாந்துக்காரர், மருத்துவர். ஜூலை 3 அன்று அந்தப் பத்திரிகையில் ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. பிரான்சில் ஜனம் ராஜாவை இறக்கிவிட்டுத் தன் காரியத்தைத் தானே பார்ப்பதை அது எடுத்துச்சொல்லி, பிரதிநிதித்துவம் இல்லாத வரியைப் பற்றிப் பேசியது. சிங்களத்திலும் அது சுற்றியது. மூன்று நாளில், ஜூலை 6 அன்று, கண்டிக் கச்சேரி, அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தின், முன்னால் ஆயிரக்கணக்கில் ஜனம் கூடியது. கடிதம்தான் கூட்டிவந்தது என்று அதிகாரிகள் பழி போட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆறு நாள் கூலியில்லா வேலையைப் புரிந்துகொள்ள யாருக்கும் பிரெஞ்சுக் குடியரசு தேவையில்லை. ஆனால் டொரிங்டனும் அவரைச் சுற்றியிருந்த துரைமாரும் பாரிஸ் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது நிச்சயம். நாய் வரிக் கூட்டம் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஜூலை 26 அன்று தம்புள்ளை விகாரையில் எழுச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு ராஜா என்று முடிசூட்டினார்கள். பாரிஸில் முடியை இறக்கிய செய்தி, கண்டி நாட்டில் ஒரு முடியை ஏற்றுவதற்குத் துணை நின்றது. கொள்கை பரவுவதில்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜூலை 28 அன்று இன்னொரு தலைவரான, மொறட்டுவையில் பிறந்த புரன் அப்புவின் ஆட்கள் மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். மறுநாளே இராணுவச் சட்டம். சில நாளில் எழுச்சி முடிந்தது. எழுச்சிக்காரர்கள் பக்கம் இருநூறு பேரளவில் மாண்டார்கள், படைத்தரப்பில் சாவு இல்லை. ஆகஸ்ட் 8 அன்று கண்டியில் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். குடாபொல தேரர் என்ற பௌத்த பிக்குவைக் காவி உடையோடு நிறுத்திச் சுட்டார்கள். அவருடைய தண்டனையைத் தள்ளிவைக்கும்படி அரசின் சட்ட அதிகாரியே கேட்டபோது, எத்தனை வக்கீல்கள் நிரபராதி என்று சொன்னாலும் நாளைக் காலை அவர் சுடப்படுவார் என்று டொரிங்டன் பதில் சொன்னார். கொங்காலேகொட பண்டாவுக்கு விதித்த தூக்கு கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாறியது. அடுத்த வருடம் அங்கேயே இறந்துபோனார்.

எங்கள் ஆட்கள், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த தமிழர்கள், அப்போது எங்கே? மாத்தளை ரோட்டில். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்துவந்தவர்கள், கோப்பித் தோட்டங்களுக்கு. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் நடந்தது அதே வழி. 1848இன் எழுச்சி அவர்களுக்கானது இல்லை, எழுச்சிக்காரர்கள் கொள்ளையிட்டவற்றில் கோப்பித் தோட்டங்களும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு கூட்டம், ஒன்றின் துன்பம் மற்றதற்குத் தெரியாமல். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு வருடா வருடம் போகிற நம் ஜனத்தில் எத்தனை பேருக்கு அந்த ஊர்க் கச்சேரியின் கதை தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

லண்டன் பாராளுமன்றம் விசாரணைக் குழு போட்டது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி எல்லாம் போயின. பிக்குகளுக்கு விலக்குக் கிடைத்தது. தெரு வேலைச் சட்டம் மட்டும் தங்கிவிட்டது, பிறகு அது ஆளுக்கு இரண்டு ரூபாய் தலைவரியாக இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் வந்தது. 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்க என்ற கொழும்பு இளைஞர், இந்தியாவில் காந்தி நடத்திய ஒத்துழையாமையைப் படித்துக்கொண்டிருந்தவர், அந்த வரியைக் கட்டமாட்டேன் என்றார். கட்டாதவர்களுக்குச் சட்டம் விதித்தபடி அவரும் தோழர்களும் தெருவில் உட்கார்ந்து கல் உடைத்தார்கள். வரி ஒழிந்தது.